ஒற்றைக் கொம்பும் பூநகரி பஸ்ஸும்

அங்கீகரிக்கப்பட்ட தரிப்பிடம் தவிர்ந்த வேறெந்த இடத்திலும் பஸ்ஸை நிறுத்திப் பயணிகளை ஏற்றவோ இறக்கவோ கூடாது.

இது விதி. வன்னியில் இதற்கு எழுதப்படாத இரண்டு விலக்குகள் உண்டு. ஒன்று, சாரதியின் மாமியார் வீட்டு வாசல். மற்றது பிள்ளையார்.

பரந்தனிலிருந்து பூநகரிக்குப் போகும் வீதியில் எங்கள் ஒழுங்கை ஏறுகிற இடத்தில் ஒரு மருதமரம் நிற்கிறது. அங்கே மாமியாரும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. ஆகவே நான் ஓய்வுபெற்று இங்கே வீடு கட்டிய நாளிலிருந்து அந்த மரத்தடியில் ஒரு பஸ்ஸும் நின்றதில்லை. கை காட்டினால் சாரதி திருப்பிக் கை காட்டுவார். நாங்கள் நிறுத்தச் சொல்லுகிறோம், அவர் சுகம் விசாரிக்கிறார்.

அன்றைக்குக் காலை, வைத்தியர் விதித்த நடையை முடித்துக்கொண்டு மருதமரத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் பூநகரி பஸ் வருகிற இரைச்சல் கேட்டது. வழக்கம்போல் புழுதிக்கு மூக்கைப் பொத்தினேன். புழுதி வரவில்லை. அதற்குப் பதிலாக பிரேக் கிரீச்சிட்டது.

பஸ் நின்றது. சாரதி பாலன் இறங்கினார். செருப்பைக் கழற்றினார். இருக்கைக்குக் கீழிருந்து எடுத்த கற்பூரத்தை ஒரு கல்லில் வைத்துக் கொளுத்தி, காதைப் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போட்டார். யன்னலோரத்தில் இருந்தவர்கள் கை கூப்பினார்கள். யன்னல் கிடைக்காதவர்கள் முன் இருக்கையின் முதுகைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

அவர்கள் கும்பிட்டது ஒரு சீமெந்து யானையை. முதல்நாள் மாலை வரை அது பிரதேச சபையின் சொத்து. கதிரை மேசைகளுக்கு எழுதுவதுபோல் அதன் பின்னங்காலிலும் பொருட்பதிவு இலக்கம் எழுதியிருந்தது.

நான் வாய் திறக்கமுதல், வீதியில் சற்றுத் தூரம் போய்விட்டிருந்த ஒரு பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடி வந்தார். பாலன் மூன்றாவது தோப்புக்கரணத்திலிருந்து எழும்பும்போது அவர் பஸ்ஸில் ஏறிவிட்டார். அவர்தான் யானையைச் செய்தவர்.

சிவப்புக் கோடு

எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருக்கிறார் கோகிலா. அவருடைய தகப்பன் மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். இப்போது வயலும் நான்கு கறவை மாடுகளும் இருக்கின்றன. தகப்பனுக்கு முழங்கால் இரண்டும் இல்லாதது மாதிரி. ஆகவே காலையில் பால் கறந்து, பால் எடுக்க வருகிற வண்டிக்குக் கொடுத்துவிட்டுத்தான் கோகிலா வேலைக்குப் புறப்பட முடியும்.

வேலை, பூநகரிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியை. நியமனம் தகுதிகாண் காலத்தில் இருந்தது. அதை நிரந்தரமாக்குவதற்கு அதிபரின் அறிக்கை வேண்டும்.

அந்த அதிபர் ஒரு காரியத்தில் மட்டும் நேரம் தவறாதவர். பள்ளிக்கூட மணி அடித்ததும் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுப்பார். கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைப்பவர் பிந்தியவர். கோகிலாவின் கையெழுத்து கோட்டுக்குக் கீழேயே குடியிருந்தது.

காரணம் எளிது. அங்கீகரிக்கப்பட்ட தரிப்பிடம் பூநகரிப் பக்கமாக இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், தள்ளியிருக்கும் சந்தியில். கோகிலா அதை நோக்கி நடப்பார். பாதி வழியில் அவர் ஏற வேண்டிய பஸ் அவரைக் கடந்து, அவர் ஏற வேண்டிய சந்திக்குப் போய், ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். சைக்கிளில் போய்ச் சந்தியில் விட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் சைக்கிள் வேறொருவரோடு போய்விட்டது.

"என்னைக் கடக்கேக்க ஒரு ஹோர்ன் அடிப்பார் சேர். மரியாதைக்கு," என்று அவர் சொன்னார்.

நான் பாலனைப் பரந்தன் சந்தியில் தேநீர்க் கடையில் பிடித்துக் கேட்டேன்.

"அந்தப் பிள்ளையை மருதமரத்தடியில ஏத்தினால் என்ன தம்பி?"

"சேர், உங்களுக்கு நான் சொல்லோணுமே? தரிப்பிடம் இல்லாத இடத்தில நிப்பாட்டலாமோ?"

வாழ்நாள் முழுவதும் விதியைக் காட்டிச் சம்பளம் எடுத்தவனுக்கு விதியைக் காட்டினால் அவன் தேநீரைக் குடித்துவிட்டு எழும்ப வேண்டியதுதான்.

அந்த இரண்டாம் தவணை தொடங்கும்போது அதிபர் கோகிலாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: இந்தத் தவணை முடியும்வரை ஒரு நாளாவது கோட்டுக்குக் கீழே வந்தால் அறிக்கையில் அதை எழுதுவேன், பிறகு நிரந்தர நியமனத்தைப் பற்றி என்னிடம் கதைக்க வரவேண்டாம்.

நிலைமை இதுதான். பஸ் நின்றால் வேலை. நிற்காவிட்டால் மாடு.

கொம்பில்லாவிட்டால் எருமை

யானை எப்படி வந்தது என்று சொல்லவேண்டும்.

எங்கள் பகுதிகளில் இப்போது அழகுபடுத்தல் காலம். சந்தி என்று ஒன்று இருந்தால் அதில் வட்டம் கட்டுகிறார்கள். வட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் எதையாவது நிறுத்துகிறார்கள். ஓரிடத்தில் சீமெந்துத் தாமரை. பற்பசை விளம்பரத்து நிறம். இன்னோரிடத்தில் கொக்கு, அதன் ஒற்றைக்காலை நம்பாத பொறியியலாளர் பக்கத்தில் இன்னொரு தூண் கட்டி முண்டு கொடுத்திருக்கிறார்.

நான் இவற்றைக் கேலி செய்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஓய்வூதியம் எடுத்தபின் எனக்குப் பிடித்த பொழுதுபோக்கே பஸ் ஏறிப்போய் இவற்றைப் பார்ப்பதுதான். கிளிநொச்சி நகரத்தில் ஒரு மதிலில் இளைஞர்கள் உழவர் ஒருவரை வரைந்தார்கள். அந்த மதிலோரம்தான் சனம் பஸ்ஸுக்கு நிற்கும். நின்று சாய்ந்து சாய்ந்து, உழவரின் முகம் எண்ணெய் பூசினது போல மினுங்குகிறது. அவருடைய மாடுகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவை முழங்கால் உயரத்தில் நிற்கின்றன.

நாயாற்றுப் பக்கம் போனபோது வீதியோரத்தில் ஒரு பெரிய சீமெந்து மீன் கண்டேன். அதன் நிழலில் இரண்டு பேர் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன மீன்?" என்று கேட்டேன்.

"தலை பாரை. வால் சூரை. நடுவில சபைக்காரர்," என்றார் ஒருவர்.

"அப்ப ஏன் இதுக்குக் கீழ இருக்கிறியள்?"

"நிழல் நல்ல நிழல் ஐயா," என்றார் மற்றவர். பொதுக் கலையைப் பற்றி இதைவிட நேர்மையான மதிப்புரையை நான் படித்ததில்லை.

சரி, யானைக்கு வருவோம். வீதியோரங்களில் சிற்பம் வைக்க எங்கள் பிரதேச சபை தீர்மானித்தது. கோகிலா விண்ணப்பித்தார். அனுமதி கிடைத்தது. பள்ளி விடுமுறைகளில் அவருடைய வளவில் கம்பி கட்டி, வலை சுற்றி, சீமெந்து அப்பி ஒரு யானை எழும்பத் தொடங்கியது. நான் மாலைகளில் போய்க் கதிரையில் இருந்து மேற்பார்வை செய்தேன். யாரும் கேட்கவில்லை; இருந்தும் செய்தேன்.

"எங்கட காட்டில கொம்பன் குறைவு பிள்ளை. கொம்பில்லாமலே செய்யலாமே?" என்றேன் ஒருநாள்.

"கொம்பில்லாட்டில் எருமை எண்டு சொல்லுவினம் சேர்."

"தும்பிக்கை இருக்கே?"

"எங்கட சனம் அதுவரைக்கும் பாக்காது."

அவர் மிகவும் மினக்கெட்டது முழங்கால்களில். யானையின் முழங்காலில் தோல் எப்படி மடியும், எங்கே தொங்கும் என்று படம் படமாகப் பார்த்து, சின்னக் கரண்டியால் கீறிக் கீறிச் செய்தார். தகப்பன் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "என்ர காலை வைச்சுத்தான் செய்யிறாள்," என்றார் என்னிடம்.

வைக்கும் நாள் வந்தது. சபை வாடகைக்கு எடுத்த பெக்கோ இயந்திரம் யானையைச் சங்கிலியில் தூக்கி மருதமரத்தடிக்குக் கொண்டுவந்தது. இறக்குகிறபோது சங்கிலி ஒரு சுற்றுச் சுற்ற, வலது கொம்பு மரத்தில் பட்டு மளுக்கென்று முறிந்து விழுந்தது. சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், ஊரில் எல்லோரும் ரீ.ஓ. என்று அழைக்கும் இளைஞர், "பிறகு ஒட்டலாம்," என்றார். கோகிலா கொம்பை அரிசிப் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மரத்தடி. யானை முகம். ஒற்றைக் கொம்பு.

மறுநாள் விடியும்போது தும்பிக்கையில் மூன்று செம்பரத்தம்பூவும் காலடியில் அறுகம்புல்லும் இருந்தன. யார் வைத்தது என்று விசாரணைக் குழு அமைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. குழுவில் இருப்பவரே வைத்திருப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மேலே சொன்ன காட்சி.

என்ஜின் சூடு

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாண வீதியில் போகிற வாகனம் எதுவும் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டாது. லொறி நிற்கும், சொகுசு பஸ் நிற்கும், கலியாணக் கார் நிற்கும். கும்பிட்டுவிட்டுக் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். கும்பிடாமல் போன வண்டிகளுக்கு என்ன நடந்தது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாக் கதையிலும் ரயர் வெடிக்கும்.

நான் வவுனியாவில் இளநிலை உத்தியோகத்தனாக இருந்த காலத்தில் எனக்கு மேலே ஒரு பொறியியலாளர் இருந்தார். கடவுள் இல்லை என்பதை அலுவலக நேரத்திலும் சொல்லக்கூடியவர். அவரோடு ஜீப்பில் கிளிநொச்சிக்குப் போவோம். முறிகண்டி வந்ததும் சாரதியிடம், "என்ஜின் சூடாயிருக்குப்போல. கொஞ்சம் ஆறட்டும்," என்பார்.

சாரதி இறங்கிக் கும்பிடுவார். நான் இறங்கிக் கும்பிடுவேன். பொறியியலாளர் ஜீப்பில் இருந்தபடி கச்சான் கோதுடைப்பார். மழைநாளிலும் அந்த இடத்தில் மட்டும் என்ஜின் சூடாகும். ஒருமுறை புதுச் சாரதி ஒருவர் விஷயம் தெரியாமல், "சேர், சூடு இல்லை," என்றுவிட்டார். அடுத்த மாதம் அவர் மாங்குளத்துக்கு மாற்றப்பட்டார்.

ஆகவே பாலனைக் குறை சொல்ல முடியாது. விதியை மீறியதாக அவர் நினைக்கவுமில்லை. அவர் பயணிகளை ஏற்றுவதற்கு நிறுத்தவில்லை; கும்பிட நிறுத்தினார். நின்ற பஸ்ஸில் ஓர் ஆசிரியை ஏறினால் அது அவருடைய பொறுப்பல்ல.

முழங்காலைப் பார்க்காதவர்கள்

அன்றிலிருந்து நாள்தோறும் பஸ் நின்றது. கோகிலாவின் கையெழுத்து கோட்டுக்கு மேலே ஏறியது. தவணையின் முதல் வாரங்கள் ஒரு பிசகும் இல்லாமல் கழிந்தன.

எல்லோருக்கும் மகிழ்ச்சி, கோகிலாவைத் தவிர.

ஒருநாள் மாலை யானைக்கு முன்னால் நின்று, அதன் நெற்றியில் யாரோ அப்பியிருந்த சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இதுக்குள்ள தண்ணி நிண்டால் சீமெந்து வெடிக்கும் சேர். ஆரிட்டச் சொல்றது?"

"பஸ் நிக்குதெல்லே பிள்ளை."

"நிக்குது. நான் யானைதான் செய்தனான். ஒருத்தரும் யானையைப் பாக்கினமில்லை. வாயினம், கண்ணை மூடினம், போயினம். அந்த முழங்காலை ஒருத்தர் பாத்தவரே?"

நான் பார்த்தேன். முழங்காலைச் சுற்றி யாரோ மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள்.

என் மனைவிக்கு அவருடைய துக்கம் விளங்கவில்லை. "அவள் செய்ததைச் சனம் கும்பிடுது. நீங்கள் இத்தினை வருசம் எழுதின கடிதத்தில ஒண்டையாவது ஆரும் கும்பிட்டவையே?" என்று கேட்டார்.

அந்த மாதமே ரீ.ஓ. மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கையில் கடிதம்.

"சேர், இது கோவிலாகுது."

"கோவில் எண்டால் கூரை வேணும் தம்பி. இங்க எங்க கூரை?"

அவர் மரத்துக்குப் பின்னால் கை காட்டினார். நான்கு புதுத் தடிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

"வீதி ஒதுக்கில அனுமதியில்லாத வழிபாட்டிடம். நாளைக்கு மேல இருந்து கேட்டால் நான் என்ன சொல்றது? கொம்பை ஒட்டச் சொல்லுங்கோ. ரெண்டு கொம்பும் இருந்தால் யானை. ஒட்டாட்டில் பெக்கோ கொண்டுவந்து தூக்கிறதுதான்."

கொம்பை ஒட்டினால் பிள்ளையார் போய்விடுவார். பிள்ளையார் போனால் பஸ் நிற்காது. தவணையோ பாதிதான் முடிந்திருந்தது.

இப்படியான நேரங்களுக்காகத்தான் அரசாங்கம் என்னைப் போன்றவர்களை அத்தனை வருடம் பயிற்றுவித்தது. நான் மேசையில் இருந்தேன்.

முதலில் பஸ் தரிப்பிடத்துக்கான விண்ணப்பம். மருதமரத்தடியில் ஒரு தரிப்பிடத்தை அங்கீகரிக்கவேண்டும் என்று, ஒழுங்கையிலுள்ள எல்லா வீட்டாரின் கையொப்பத்தோடும் வரைபடத்தோடும் போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்களுக்கு எழுதினேன். பிரதிகள் யார் யாருக்குப் போகவேண்டுமோ அவர்களுக்கு. போகத் தேவையில்லாத ஒருவருக்கும், மற்றவர்கள் பயப்படுவதற்காக.

அடுத்தது, சபைக்கு. சபையின் சொத்து ஒன்று சேதமடைந்தால் திருத்துவதற்கு முன் சேத அறிக்கை எடுக்கவேண்டும். சேதத்துக்குப் பொறுப்பு யார், பெக்கோவா மரமா என்று தீர்மானிக்கவேண்டும். தீர்மானிக்கும் முன் கொம்பை ஒட்டினால் சான்று அழிந்துவிடும். இதை மரியாதையுடன் சுட்டிக்காட்டினேன்.

சபை பயந்துபோய் மூவர் குழு அமைத்தது. குழு கூடுவதற்கு நாள் குறித்தது. ஒருவர் விடுமுறை எடுத்தார். நாள் தள்ளிப்போனது. நான் இதையெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். மற்றப் பக்கத்தில் நின்று எத்தனை தரம் செய்திருக்கிறேன்.

"பென்சன் எடுத்தாப் பிறகும் ஏன் இந்தக் கடிதக் கோவை கட்டுற வேலை?" என்றார் மனைவி. ஆனால் தேநீரில் அன்றைக்குச் சீனி கூடவாகவே இருந்தது.

அரிசிப் பை

எந்தத் தாமதத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. கடைசியில் குழு கூடி, மரத்தைக் குற்றவாளியாகக் கண்டு, கலைந்தது. ரீ.ஓ. திரும்பவும் வந்து, வரும் திங்கட்கிழமைக்குள் கொம்பு ஒட்டப்படவேண்டும், இல்லையென்றால் அன்று பின்னேரம் பெக்கோ வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். தரிப்பிட விண்ணப்பத்துக்கு ஒரு வரிப் பதிலும் வரவில்லை.

சனிக்கிழமை மாலை கோகிலா அரிசிப் பையோடு வந்தார். உள்ளே கொம்பு.

"நாளைக்கு ஒட்டப்போறன் சேர்."

"பதில் வரட்டும் பிள்ளை. நான் இன்னொரு நினைவூட்டல் எழுதுறன்."

"பதில் வரேக்க எனக்கும் பென்சன் வந்திடும்."

"ஒட்டினால் பஸ் நிக்காது. தவணை முடிய இன்னும் கிழமைகள் கிடக்கு. ஒரு கோடு விழுந்தாலும் அந்த மனிசன் எழுதிப்போடுவான்."

"தெரியும். பெக்கோ தூக்கினால் யானையும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஒட்டினால் யானையாவது மிஞ்சும்." பையைக் கட்டினார். "பஸ் யன்னலால ஒவ்வொரு நாளும் பாக்கேக்க முடிக்காத வேலை மாதிரிக் கிடக்கு. அதையும் என்னால தாங்கேலாது."

என்னிடம் மேற்கொண்டு விதி எதுவும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பி வளைத்து, சீமெந்து குழைத்து, வாழைத்தடலால் முண்டு கொடுத்து ஒட்டினார். மஞ்சள் துணிகளை அவிழ்த்தார். சந்தனத்தைக் கழுவினார். பொழுதுபடும்போது மருதமரத்தடியில் ஒரு யானை நின்றது. உண்மையான யானை. முழங்கால் மடிப்புகளில் மாலை வெயில் விழுந்தபோது அது இப்போது ஓரடி எடுத்து வைக்கும் என்று தோன்றியது. இவ்வளவு நாளும் அதன் முன்னால் நடை போன நானும் அதைப் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை

அன்று வைத்தியர் சொன்ன நேரத்துக்கு முன்னமே நடைக்குப் போய்விட்டேன். கோகிலா மரத்தடியில் நின்றார். சந்தியை நோக்கி நடக்கத் தொடங்கலாமா என்று இரண்டு தரம் வீதியைப் பார்த்துவிட்டு நின்றார்.

பஸ் வந்தது. வேகம் குறைந்தது. பாலன் யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தார். இரண்டு கொம்பு. பஸ் எங்களைக் கடந்து போனது.

கோகிலா சந்திப் பக்கம் திரும்பினார். கைப்பையைத் தோளில் மாட்டினார்.

பஸ்ஸின் பின்புறச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. பிறகு, பிரதான வீதியில் பஸ்ஸைப் பின்னோக்கிச் செலுத்தக்கூடாது என்ற இன்னொரு விதியையும் பொருட்படுத்தாமல், பஸ் பின்னோக்கி வந்தது. பாலன் இறங்கினார்.

"ஆர் இந்த வேலை பாத்தது?"

"நான்தான் அண்ணை," என்றார் கோகிலா. "இது யானை. முதலே யானைதான். கொம்பு உடைஞ்சு கிடந்தது."

பாலன் யானையைப் பார்த்தார். யானையும் அவரைப் பார்த்தது.

"யானையாவே இருக்கட்டும் ரீச்சர். இத்தினை நாளும் நான் கற்பூரம் கொளுத்தியிருக்கிறன். ஒரு ரயர் காத்துப் போகேல்லை. கியர் பெட்டி கரைச்சல் தரேல்லை. இண்டைக்கு நான் கும்பிடாமல் போய் வழியில ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு? நீங்களோ, சபையோ?"

"அண்ணை, கொம்பு முளைச்சிருக்கு எண்டு வைப்பம். கும்பிட்டிட்டு வாங்கோ, நேரம் போகுது," என்றார் நடத்துநர் மிதிபலகையில் நின்றபடி.

பாலன் செருப்பைக் கழற்றினார்.

முன்பு செய்தது ஒன்றை இனிமேலும் செய்தாகவேண்டும். ஏன் தொடங்கியது என்று கேட்கக்கூடாது. நிருவாகத்தில் இதற்கு முன்மாதிரி என்று பெயர். நான் பணியாற்றிய எல்லாக் கந்தோர்களும் இந்த ஒரு தத்துவத்தில்தான் நின்றன. பாலன் அதைக் கற்பூரத்தோடு செய்தார், அவ்வளவுதான்.

ஆனால் நடத்துநர் விளையாட்டாகச் சொன்னதை பஸ்ஸில் இருந்தவர்கள் விளையாட்டாக எடுக்கவில்லை. மாலைக்கிடையில் பரந்தனிலிருந்து பூநகரி வரை செய்தி பரவிவிட்டது: மருதமரத்தடிப் பிள்ளையாருக்குக் கொம்பு முளைத்துவிட்டது. மறுநாள் வான் பிடித்து வந்தார்கள். கோகிலா ஒவ்வொருவரிடமும் போய், "நான் சீமெந்தால ஒட்டினது," என்று சொன்னார். அக்கராயனிலிருந்து வந்த ஒரு பெண்மணி அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஓம் பிள்ளை. அவர்தானே உன்ர கையால ஒட்டுவிச்சவர்."

கோகிலா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திங்கட்கிழமை பின்னேரமே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்த ரீ.ஓ.வை அந்த வாரக் கடைசியில் சந்தித்தேன். "ரெண்டு கொம்பும் இருக்கு சேர். யானை எண்டு எழுதிக் கோவையை மூடியிட்டன்," என்றார்.

"சனம் முந்தியைவிடக் கூடியிட்டுதே தம்பி?"

"அது கோவையில இல்லை சேர்."

பதில்

தவணை முடிந்தது. வரவுப் புத்தகத்தில் கோகிலாவின் கையெழுத்து ஒரு நாளும் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கவில்லை. அதிபருக்கு எழுத ஒன்றும் கிடைக்காததால் நல்லது எழுதவேண்டியதாயிற்று. விடுமுறையில் நிரந்தர நியமனக் கடிதம் வந்தது. தகப்பன் அதை வாங்கி, படிக்காமலே, மாட்டுக் கொட்டிலைச் சுற்றி ஒருதரம் நடந்துவிட்டு வந்தார். முழங்காலைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

தரிப்பிட விண்ணப்பத்தை நான் மறந்தேவிட்டேன். அது என் தொழிலுக்கு ஒவ்வாத காரியம், ஆனாலும் மறந்தேன்.

மூன்றாம் தவணை தொடங்கிய பிறகு ஒரு காலை. மருதமரத்தடி நிறையச் சனம். தும்பிக்கை தெரியாமல் மாலை. பூநகரி பஸ் நின்றுகொண்டிருந்தது, நின்றுகொண்டேயிருந்தது. பாலன் இறங்கித் தீபாராதனைக்குக் காத்திருந்தார். பயணிகள் பாதிப்பேர் இறங்கி மோதகம் வாங்க வரிசையில் நின்றார்கள். கோகிலா யன்னலோரம் இருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரீ.ஓ. மனைவியோடு வந்தார். மனைவியின் கையில் அருச்சனைத் தட்டு, அவருடைய கையில் ஒரு கடித உறை.

"சபைக்கு வந்த பிரதி சேர். உங்கடது தபாலில வரும். வழியிலதானே எண்டு கொண்டுவந்தனான்."

பிரித்துப் படித்து, யன்னலால் கோகிலாவிடம் நீட்டினேன். மேற்படி வீதியில் "யானையடி" என்னும் பெயரில் பஸ் தரிப்பிடம் ஒன்று அங்கீகரிக்கப்படுவதாகவும், பயணிகளை ஏற்றி இறக்கத் தேவையான நேரத்துக்கு மேல் பஸ்கள் அவ்விடத்தில் தரித்து நிற்கலாகாது என்றும் எழுதியிருந்தது.

கோகிலா முதல் வரியை இரண்டு தரம் படித்தார்.

"யானையடி எண்டு போட்டிருக்கினம் சேர்."

"ஓம்."

"பாலண்ணை," என்று யன்னலால் தலையை நீட்டிக் கூப்பிட்டார். "இது யானைதானாம். கடதாசியில கிடக்கு."

"நல்லது ரீச்சர். இந்தாங்கோ, மோதகம் சாப்பிடுங்கோ."

"அண்ணை, வெளிக்கிடுவமே? அங்க கோடு போடப்போறார்."

"இண்டைக்குப் போடட்டும் ரீச்சர். நிரந்தரமாக்கியாச்செல்லே."

கோகிலா யோசித்துப் பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்து என்னிடம் தந்துவிட்டு, மோதகத்தைக் கடித்தார்.

எனக்குரிய பிரதி தபாலில் வந்துசேர மேலும் ஒரு மாதம் சென்றது. முறைப்படி அதன் மேல் உள்ள முத்திரைத் திகதியைத்தான் நான் கணக்கில் எடுக்கவேண்டும். எடுக்கவில்லை. பதில் வந்த நாள் என்று கோவையில் நான் எழுதி வைத்திருப்பது, ஆவணிச் சதுர்த்தி.